இழைப்புளியின் கறுப்பும் பெட்டியின் கறுப்பும்

நீங்கள் கேட்டது இது. ஏலத்தில் மொத்தமாக எடுத்த ஒரு மரப்பெட்டிக்குள் இரும்பு இழைப்புளி ஒன்று, தோலுறையில் தடிமனை நுட்பமாக அளக்கும் ஒரு மைக்ரோமீட்டர், கையால் சுழற்றும் துளைக்கருவி ஒன்று, இவற்றுக்கு நடுவே தங்க நிறத்தில் புல் வரைந்த கறுப்பு ஜப்பானிய மூடிப்பெட்டி ஒன்று. இரும்பின் துருவை எதைக்கொண்டு எடுக்கலாம், பெட்டியின் மங்கலை எதைத் தேய்த்துப் போக்கலாம், எல்லாவற்றையும் ஒரே கண்ணாடி அலமாரியில் அடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விகள்போலத் தெரிந்தாலும் நீங்கள் அறிய விரும்புவது ஒன்றைத்தான்: இவற்றில் எவ்வளவு தூரம் கை வைக்கலாம்? இருபது ஆண்டுகளுக்கு மேலாக அருங்காட்சியகப் பொருள்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். இரும்பும் பித்தளையும்தான் என் பயிற்சி. ஜப்பானியப் பூச்சுப் பொருள்களைப் பிற்பாடு, அதில் தேர்ந்தவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். ஆகவே இரும்பைப் பற்றி நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பெட்டியைப் பற்றிச் சொல்வதில் எங்கே தயங்குகிறேனோ அங்கே நீங்களும் தயங்குங்கள்.

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும், ஏனென்றால் தவறான துப்புரவுகளில் பாதி அதிலிருந்துதான் பிறக்கின்றன. உங்கள் பெட்டியை ‘அரக்குப் பெட்டி’ என்று எழுதியிருந்தீர்கள். தமிழில் அப்படிச் சொல்வது வழக்கம்தான். ஆனால் அரக்கு ஒரு பூச்சி சுரக்கும் பிசின், சாராயத்தில் கரையும். ஜப்பானியர் பூசுவது ஒரு மரத்தின் பால். அதற்கு உருஷி என்று பெயர். இறுகிய உருஷி சாராயத்துக்கு அசையாது. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அது உங்கள் இழைப்புளியின் மேலேயே இருக்கிறது. இரும்பு உடலின் உட்புறத்தில் பளபளக்கும் கறுப்புப் பூச்சுக்கு ஆங்கிலேயத் தொழிலாளர்கள் ‘ஜப்பானிங்’ என்று பெயர் வைத்தார்கள். பதினேழாம் நூற்றாண்டில் ஜப்பானியப் பெட்டிகள் ஐரோப்பிய மாளிகைகளைப் பித்துப் பிடிக்கவைத்தபோது, அந்த மரமும் பாலும் கைக்குக் கிடைக்காத கைவினைஞர்கள் கிடைத்ததை வைத்துப் போலி செய்தார்கள். மரத்துக்கு அரக்கு வார்னிஷ், இரும்புக்கு நிலக்கீலும் ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் கலந்து அடுப்பில் சுட்ட பூச்சு. இரண்டும் ஜப்பான் என்ற பெயரிலேயே ஓடின. எனவே உங்கள் மேசையில் இருக்கும் இரண்டு கறுப்புகளும் பெயரளவில் உறவு, பொருளளவில் அந்நியம். ஒன்றுக்குச் சொன்ன மருந்தை மற்றொன்றுக்குப் போட்டால் சேதம் உறுதி.

உருஷி எப்படி இறுகுகிறது என்று தெரிந்தால் பிறகு வரும் எச்சரிக்கைகள் தாமாகவே புரியும். சாதாரண வார்னிஷ் காய்கிறது. அதிலுள்ள கரைப்பான் ஆவியாகிப் போகிறது. உருஷி காய்வதில்லை. அதன் முக்கியப் பொருளான உருஷியால், அதே பாலில் இருக்கும் லாக்கேஸ் என்ற நொதியின் துணையோடு காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு கெட்டிப்படுகிறது. அந்த நொதி வேலை செய்ய ஈரம் வேண்டும். அதனால்தான் பூசிய பொருளை வெயிலில் வைக்காமல், 70 முதல் 85 விழுக்காடு ஈரப்பதமும் 20 முதல் 30 டிகிரி வெப்பமும் உள்ள அலமாரிக்குள் அடைத்து வைக்கிறார்கள். பத்துப் பதினைந்து ஆண்டு வளர்ந்த மரத்தை ஒரே பருவத்தில் கீறிப் பால் எடுத்தால் கிடைப்பது ஏறத்தாழ 200 கிராம். அதன் பிறகு மரத்தை வெட்டிவிடுகிறார்கள். இன்று ஜப்பானில் பயன்படும் உருஷியில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. உள்நாட்டில் கிடைக்கும் சிறிதளவிலும் பெரும்பங்கு இவாத்தே மாநிலத்தின் ஜோபோஜி பகுதியுடையது. இந்த மரம் நம் மாமரத்துக்கும் முந்திரிக்கும் சேங்கொட்டைக்கும் ஒரே குடும்பம். சேங்கொட்டைப் பால் பட்ட தோல் என்ன பாடு படுமோ அதே பாடு பச்சை உருஷி பட்டாலும் உண்டு. முழுக்க இறுகிய பழைய பெட்டியால் அந்தத் தொல்லை வராது. புதிதாகப் பூசியதையோ, உருஷி கொண்டு அண்மையில் செப்பனிட்டதையோ தொடும்போதுதான் கவனம் வேண்டும்.

இரும்புக்காரனான என்னை இந்தப் பக்கம் இழுத்து வந்த விஷயம் ஒன்று உண்டு. பழைய காலத்தில் கறுப்பு உருஷிக்குப் புகைக்கரியைக் கலந்தார்கள். பிறகு கண்டுபிடித்த வழி வேறு: பாலில் இரும்புத் தூளையோ இரும்புச் சேர்மத்தையோ சேர்த்தால் உருஷியால் அதோடு வினைபுரிந்து தானே கறுத்துவிடும். கரி மிதக்கும் கறுப்பில் இல்லாத ஆழம் அதில் இருக்கிறது. பார்வை உள்ளே இறங்கிப் போகிறது. சிவப்புக்கு விலை உயர்ந்தது பாதரசச் சேர்மமான ஜாதிலிங்கம். மலிவானது பெங்காரா என்ற காவி, அதாவது இரும்பு ஆக்சைடு. நீங்கள் இழைப்புளியில் சுரண்டி எறியத் துடிக்கும் துருவின் நெருங்கிய உறவினர் அங்கே கிண்ணத்துக்கு நிறமாக உட்கார்ந்திருக்கிறார். போதாததற்கு ஜப்பானியர் இரும்பின் மேலேயே உருஷியைச் சுட்டுப் படியவைத்தார்கள். கவசத் தகடுகளும் இரும்புக் கெண்டிகளும் அப்படிச் செய்யப்பட்டவை. நன்றாகச் சூடேற்றினால் ஈரமில்லாமலேயே உருஷி இறுகிவிடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஐரோப்பியர் அடுப்பில் சுட்ட நிலக்கீல் பூச்சுக்கு ‘ஜப்பான்’ என்று பெயரிட்டது அறியாமல் செய்த பொருத்தமோ என்று சில நேரம் தோன்றும்.

இழைப்புளிக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய படத்தில் மூன்று வகை மேற்பரப்புகள் தெரிகின்றன. அடிப்புறமும் பக்கங்களும் வெற்று இரும்பு. உட்புறம் கறுப்புப் பூச்சு, அதில் முக்கால்வாசி மிச்சம் இருக்கிறது. பிடியும் குமிழும் மரம். மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. வெற்று இரும்பில் இருப்பது இரண்டு வகை: கருமையாக, அழுத்தமாக, நகத்தால் கீறினால் வராத ஒரு படலம், அதன் மேல் ஆரஞ்சு நிறத்தில் பொடியாக உதிர்வது. உதிர்வது மட்டும்தான் நோய். கருமைப் படலம் காலம் போட்ட தோல், அது இருக்கட்டும். மண்ணெண்ணெயில் நனைத்த மிக மெல்லிய எஃகுக் கம்பளியால், கை எடையை மட்டும் கொடுத்து, உலோகத்தின் இழை போகும் திசையில் தேய்த்தால் பொடித்துரு போய்விடும். துணியால் துடைத்து, ஒரு நாள் விட்டு, நுண்படிக மெழுகை மிக மெலிதாகப் பூசுங்கள். அரை மணி நேர வேலை. அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

ஆசைப்பட்டால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு துளைக்கருவியை மோட்டாரில் சுழலும் கம்பி பிரஷ்ஷில் பிடித்தேன். பத்து நிமிடத்தில் வெள்ளியைப்போல மின்னியது. எல்லோரிடமும் காட்டிப் பெருமைப்பட்டேன். மறுவாரம் அதன் பழைய பதிவுப் படத்தைப் பார்த்தபோதுதான், கைப்பிடிக்குக் கீழே மெல்லிய புள்ளிக்குத்தாகத் தன் பெயரின் முதலெழுத்துகளை யாரோ ஒரு தொழிலாளி பொறித்திருந்தது தெரிந்தது. பொறித்திருந்தது என்று இறந்தகாலத்தில்தான் சொல்ல முடியும். இரும்பில் அந்த எழுத்துகளின் நிழல்கூட மிஞ்சவில்லை. பட்டறைக் கருவிகளில் இப்படிப்பட்ட அடையாளங்கள் சர்வசாதாரணம். உப்புத்தாளுக்கும் கம்பி பிரஷ்ஷுக்கும் முதலில் பலியாவதும் அவைதான். நல்ல சாய்ந்த வெளிச்சத்தில் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்துவைத்த பிறகே எண்ணெய்த் துணியைத் தொடுங்கள்.

மின்பகுப்பு முறையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் கருவியை எதிர்முனையாகவும் ஒரு வீண் இரும்புத் துண்டை நேர்முனையாகவும் தொங்கவிட்டு மின்சாரம் செலுத்தினால் துரு விட்டுப்போகும் என்பது உண்மை. நல்ல இரும்பை அது அரிக்காது என்பதும் உண்மை. ஆனால் சோடாவும் மின்சாரமும் சேர்ந்து அந்தக் கறுப்புப் பூச்சை ஓரங்களிலிருந்து உரித்துவிடும். ஆகவே பூச்சு இல்லாத, துருவால் இறுகிப்போன திருகுகளுக்கும் துண்டுகளுக்கும் மட்டும் அது சரி. நேர்முனைக்கு எவர்சில்வர் கரண்டியைத் தொங்கவிடும் யோசனையை எங்காவது படித்திருந்தால் மறந்துவிடுங்கள். அதிலிருந்து தண்ணீரில் இறங்கும் குரோமியச் சேர்மம் புற்றுநோய் தரும் நஞ்சு. வினிகரில் ஊறவைப்பது துருவோடு இரும்பையும் தின்று, மேற்பரப்பைச் சாம்பல் நிறச் சொரசொரப்பாக்கிவிடும். கறுப்புப் பூச்சுக்கு உலர்ந்த மென்தூரிகை போதும். பிசுக்கு ஒட்டியிருந்தால் ஈரமாக்கிப் பிழிந்த துணி. டர்பன்டைன், பெட்ரோல் வகைகள் நிலக்கீலின் பழைய நண்பர்கள், அதைக் கரைக்கத்தான் பார்க்கும். மண்ணெண்ணெயும் அந்த இனம்தான். மறைவான ஓரத்தில் பஞ்சை ஒற்றிப் பாருங்கள், பஞ்சு பழுப்பானால் அங்கேயே நிறுத்துங்கள்.

மைக்ரோமீட்டரில் சிக்கல் உலோகத்தில் இல்லை, உறையில்தான். பழைய தோலின் அமிலம் எஃகை மெல்ல அரிக்கும். உங்கள் படத்தில் சட்டத்தின் ஒரு பக்கம் மட்டும் புள்ளி விழுந்திருப்பது உறையைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கமாக இருக்கும். உறையை எறிய வேண்டாம், தனியாக வையுங்கள். கருவியைப் பிரித்து மேய வேண்டிய தேவையும் இல்லை. அளவிடும் இரு முகங்களையும் சுத்தமான தாளை இடையில் வைத்து லேசாக மூடி, தாளை இழுத்தால் அழுக்கு அதில் வந்துவிடும். பிறகு மூடி, சுழியம் சுழியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். அங்குல அளவில் செய்ததென்றால் திருகில் அங்குலத்துக்கு 40 புரி, உருளையில் 25 கோடு. ஒரு கோடு நகர்ந்தால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பிரான்சில் பாமர் என்பவர் 1848-இல் காப்புரிமை வாங்கிய கருவியை, அமெரிக்காவின் ஜோசப் பிரவுனும் லூசியன் ஷார்ப்பும் 1867 பாரிஸ் கண்காட்சியில் பார்த்துவிட்டுப் போய்த் தங்கள் வடிவத்தைச் செய்தார்கள். அந்த வம்சத்தில் வந்ததுதான் இன்று பட்டறைகளில் புழங்கும் எல்லாம். துளைக்கருவிக்குப் பற்சக்கரத்தில் இரண்டு சொட்டு இலகு எண்ணெய், அவ்வளவுதான்.

இனி வயது. உங்கள் இழைப்புளியின் உடலில் 1902 மார்ச் 25, 1902 ஆகஸ்ட் 19, 1910 ஏப்ரல் 19 என மூன்று தேதிகள் வார்த்திருக்கின்றன, ஆகவே இது 1902-இல் செய்தது என்று எழுதியிருந்தீர்கள். எல்லோரும் முதலில் தடுக்கி விழும் படி இது. அவை காப்புரிமைத் தேதிகள், பிறந்த தேதிகள் அல்ல. மூன்றில் கடைசியானது 1910 என்பதால் இந்த உடல் 1910-க்கு முன் வார்க்கப்பட்டிருக்க வழியில்லை, இது உறுதி. சேகரிப்பாளர்கள் இந்த மூன்று தேதி உடலை 1910 முதல் 1918 வரை என்ற காலத்தில் வைக்கிறார்கள். இது நல்ல கணிப்பு. ஆனால் ‘வகை 11’ போன்ற அந்த வகைப் பட்டியல், இந்த இழைப்புளியைச் செய்த ஸ்டான்லி கம்பெனி வைத்திருந்த ஒழுங்கு இல்லை. பிற்காலத்தில் ஆர்வலர்கள் கைக்குக் கிடைத்த இழைப்புளிகளை ஒப்பிட்டு வகுத்தது. தொழிற்சாலையில் கையிருப்பு தீரும்வரை பழைய பாகத்தைப் போட்டுத்தான் அனுப்பியிருப்பார்கள். அதற்குப் பிறகு நூறு ஆண்டுகளில் வெட்டும் அலகு தேய்ந்திருக்கும், குமிழ் உடைந்திருக்கும், இன்னொரு இழைப்புளியிலிருந்து கழற்றி மாட்டியிருப்பார்கள். உடலும் அலகும் வேறு வேறு காலத்தைக் காட்டினால் ஏமாற்று வேலை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் அது உழைத்த கருவி என்பதற்கான சான்று. ஏமாற்று நடக்கும் இடம் வேறு: ஸ்டான்லியின் மிகச் சிறிய முதலாம் எண் இழைப்புளிபோல அரிதானவை. அவற்றை நேரில் ஒப்பிட ஒரு மூலம் இல்லாமல் வாங்காதீர்கள்.

பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் ஆங்கிலத்தில் ‘ஜப்பானில் செய்தது’ என்று இருப்பதாகச் சொன்னீர்கள். அதையும் இழைப்புளித் தேதிபோலவே படிக்க வேண்டும். 1891 முதல் அமெரிக்காவுக்குள் வரும் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்டது. ஜப்பானியர் முதலில் ‘நிப்பான்’ என்று போட்டார்கள்; 1921-க்குப் பிறகு ‘ஜப்பான்’ என்றே போட வேண்டும் என்று சுங்கத்துறை சொன்னது. ஆகவே உங்கள் பெட்டி பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் இருபதுகளுக்குப் பிந்தைய ஏற்றுமதிச் சரக்கு. பெரும்பாலும் என்ற சொல்லைக் கவனியுங்கள். தாள் பிற்பாடும் ஒட்டப்பட்டிருக்கலாம். கையெழுத்து இருந்தால் வயது தெரியுமே என்று சிலர் சொல்வார்கள். என் அனுபவம் நேர்மாறு. இன்ரோ எனப்படும் இடுப்பில் தொங்கும் அடுக்குச் சிமிழ்களில் புகழ்பெற்ற குடும்பங்களின் பெயர்கள் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தன, சீடர்களும் போட்டார்கள், போலிகளும் போட்டார்கள். புகழ்பெற்ற உருஷிக் கலைஞர் ஷிபாத்தா ஸெஷின் 1891-இல் இறந்தார். அவர் பெயர் தாங்கிய பொருள்களில் அவர் கை படாதவை எத்தனையோ. கையெழுத்தைக் கடைசியில் படியுங்கள். வேலைப்பாடு ஒன்று சொல்லிக் கையெழுத்து வேறொன்று சொன்னால் வேலைப்பாட்டை நம்புங்கள். பெயரை உறுதிசெய்து தருமாறு என்னைக் கேட்காதீர்கள். அது அந்தக் கலைஞர் மரபின் நூறு மூலங்களைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் செய்ய வேண்டியது.

அது உருஷியா, மரமா, வெறும் பிளாஸ்டிக்கா என்பதை ஓரளவு நீங்களே பார்க்கலாம். பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி ஒன்று போதும். தங்கப் புல்லின் ஒரு தாளைப் பாருங்கள். மாக்கி-எ என்னும் முறையில், ஈர உருஷியால் கோடு வரைந்து, அது இறுகும் முன் பொன்தூளைத் தூவுவார்கள். ஆகவே கண்ணாடியில் மணல்போலத் தனித்தனித் துகள்கள் தெரிய வேண்டும். கோட்டின் விளிம்பில் சில துகள்கள் சிதறியிருக்கும், புல்நுனியை நோக்கி அடர்த்தி குறையும், கோடு கருத்த பரப்பைவிட மயிரிழை உயர்ந்திருக்கும். அச்சடித்த அலங்காரத்தில் ஒரே சீரான நிறம், வெட்டியதுபோன்ற விளிம்பு, சில நேரம் வலையின் புள்ளிவரிசை. அடுத்து, கைபட்டுத் தேய்ந்த மூலையைப் பாருங்கள். கறுப்புக்குக் கீழே சாம்பல் அல்லது பழுப்பு மண் அடுக்கு, அதற்கும் கீழே துணியின் நெசவு, பிறகு மரம் என்று அடுக்கடுக்காகத் தெரிந்தால் பழைய முறைப்படி அடிப்படை போட்டது. உருஷி வேலைக்குப் பேர்போன ஜப்பானிய ஊரான வாஜிமாவில் இந்த அடியடுக்குக்குச் சுட்டுப் பொடித்த ஒரு மண்ணை உருஷியில் குழைக்கிறார்கள். நூறுக்கும் மேற்பட்ட படிகளில் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத இந்த அடித்தளத்திலேயே செலவாகிறது. 2024 ஜனவரி 1 நிலநடுக்கத்தில் அந்த ஊரின் பட்டறைகள் பட்ட சேதத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பொறுமையின் விலை புரியும். தேய்ந்த இடத்தில் ஒரே பொருள் உள்வரை போனால், அடியில் அச்சு இணைந்த கோடு தெரிந்தால், அது பிசின் வார்ப்பு. எடையும் உதவும்: மரப்பெட்டி அதன் அளவுக்குக் கண் எதிர்பார்ப்பதைவிட லேசாக இருக்கும். சூடான ஊசியால் குத்திப் பார்ப்பது, அசிட்டோன் தடவிப் பார்ப்பது போன்ற சோதனைகளைச் செய்யவே கூடாது. வெயிலில் பழுதான உருஷியில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வெளுத்த வட்டம் விடும். பிறகு அது உண்மையானது என்று தெரிந்து என்ன பயன்? புற ஊதா விளக்கில் அரக்கு ஆரஞ்சாக ஒளிரும், உருஷி பெரும்பாலும் இருண்டே கிடக்கும். பிற்காலத்தில் யாராவது அரக்கு வார்னிஷ் பூசியிருந்தால் அதைப் பிடிக்க இது கெட்டிக்கார வழி. ஆனால் தீர்ப்பு இல்லை, துப்பு மட்டும். ஆய்வகச் சோதனைகூட மியான்மர்ப் பாலையும் வியட்நாம்ப் பாலையும் வேதியியலால் பிரிக்கும். சீனாவிலும் ஜப்பானிலும் மரம் ஒன்றே என்பதால் அந்த இரண்டையும் அதே வழியில் பிரிக்க முடியாது.

இப்போது உங்கள் மங்கல். மூடியைத் திறந்து உட்புறத்தையும் வெளிப்புறத்தையும் ஒரே வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடியுங்கள். உள்ளே கண்ணாடிபோலக் கறுத்து, வெளியே பழுப்பேறிச் சாம்பல் பூத்ததுபோல இருந்தால், அது அழுக்கு இல்லை. ஒளி தின்ற பரப்பு. புற ஊதாக் கதிர் உருஷியின் மேல்தோலை உடைக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்வெடிப்புகள் விழுகின்றன. வெளிச்சம் அவற்றில் சிதறுவதால் மங்கலாகத் தெரிகிறது. துடைத்தால் போகாது. எண்ணெய், சிலிகோன் மெருகு, மரச்சாமான் மெழுகு எதையாவது தடவினால் சில நாள் கறுப்பாகத் தெரியும். வெடிப்புகளுக்குள் போன எண்ணெய் அங்கேயே தூசியைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். பின்னாளில் செப்பனிட வருகிறவருக்கு உருஷி ஒட்டாது. தூசியை அணில்மயிர்த் தூரிகையால் தட்டிவிடுங்கள். கைரேகையைக் கண்ணாடி துடைக்கும் மெல்லிய உலர்துணியால் ஒற்றுங்கள். மோதிரத்தைக் கழற்றிவிட்டுப் பெட்டியை இரு கையாலும் அடியில் தாங்கித் தூக்குங்கள். மூடியைப் பிடித்துத் தூக்க வேண்டாம். நல்ல பெட்டியின் மூடியை மெல்ல வைத்துவிட்டுக் கையை எடுத்தால் உள்ளே அடைபட்ட காற்று வெளியேற வெளியேற அது தானாக இறங்கும். அந்த இறக்கத்தைப் பார்த்தால் மைக்ரோமீட்டர் செய்தவனும் இந்தப் பெட்டி செய்தவனும் ஒரே மனப்பான்மைக்காரர்கள் என்று தோன்றும். உங்கள் பெட்டியின் மூடி இறங்காமல் ஆடினால் மரம் வளைந்திருக்கிறது என்று பொருள். அழுத்தாதீர்கள்.

ஒரே அலமாரி பற்றிய கேள்விக்கு என் சொந்தச் சேதத்தையே பதிலாகத் தருகிறேன். வீட்டில் ஒரு கண்ணாடி அலமாரியில் மேல்தட்டில் கருவிகள், கீழ்த்தட்டில் ஒரு கறுப்புத் தட்டும் ஒரு சிமிழும். இரும்புக்கு வறட்சி நல்லது என்ற தொழில்புத்தியில் நீரை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தாராளமாகப் போட்டேன். ஈரப்பதம் 35 விழுக்காட்டுக்கு இறங்கியது. கருவிகளில் ஒரு புள்ளித் துரு இல்லை. நான்காம் மாதம் சிமிழின் மூடியில், மரம் இணையும் இடத்துக்கு நேர் மேலே, தலைமுடிபோல ஒரு கோடு. முதலில் முடிதான் விழுந்திருக்கிறது என்று ஊதிப் பார்த்தேன். அடியிலிருந்த மரம் சுருங்கியது, மேலிருந்த பூச்சு சுருங்க மறுத்தது. ஈரத்தில் இறுகிய பொருள் வறட்சியில்தான் சாகிறது. மெழுகு பூசிய இரும்பு 50 விழுக்காடு ஈரப்பதத்தில் ஆண்டுக்கணக்கில் இருக்கும். உருஷியை 35-க்கு இழுக்க முடியாது. ஆகவே சேர்த்துத்தான் வைக்க வேண்டுமென்றால் 50-க்கும் 55-க்கும் இடையே ஆடாமல் நிறுத்தி, சமரசத்தை இரும்பின் தலையில் கட்டுங்கள். முடிந்தால் பிரித்துவிடுங்கள். கருவிப் பெட்டியில் துருவுக்குக் கற்பூரத்துண்டு போடுவதும் துருதடுப்புத் தாள் சுற்றுவதும் பட்டறைக்காரர்களின் நல்ல பழக்கங்கள். அவற்றின் ஆவி படும் இடத்தில் நான் உருஷியை வைப்பதில்லை. பெட்டிக்கு ஜப்பானியரே கண்ட வழி கிரி மரப்பெட்டி: லேசான மரம், ஈரத்தின் ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொள்ளும், வெளிச்சத்தை முழுக்க மறைக்கும். பொருளோடு பிறந்த அத்தகைய பெட்டி கிடைத்தால், அதில் எழுதியிருப்பது புரியாவிட்டாலும் எறியாதீர்கள். பார்வைக்கு வைக்கும் நாட்களில் விளக்கு 50 லக்ஸுக்கு மேல் வேண்டாம், ஜன்னலோரம் வேண்டவே வேண்டாம். ஒளியின் சேதம் சேமிப்புக் கணக்குபோலக் கூடிக்கொண்டே போகும், திரும்ப எடுக்க முடியாது.

விரிசல், உதிர்ந்த தங்கம் போன்றவற்றை நீங்களே ஒட்டப் பார்க்காதீர்கள். தேர்ந்தவர்களுக்குள்ளேயே இங்கு இரண்டு கட்சி. ஜப்பானிய மரபு உருஷியை நீர்க்கக் கரைத்து வெடிப்புகளில் ஊட்டி மீண்டும் இறுகச்செய்யும். அது பொருளோடு பொருளாகிவிடும், திரும்ப எடுக்க முடியாது. மேற்கத்திய மரபு, பின்னாளில் கரைத்து எடுக்கக்கூடிய பிசினைத்தான் விரும்பும். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலுள்ள மஸாரின் பேழை என்ற ஜப்பானிய உருஷிப் பெட்டி 1640 வாக்கில் செய்யப்பட்டது. அதைச் செப்பனிட்டபோது இரு மரபினரும் சேர்ந்து உட்கார வேண்டியிருந்தது. எது சரி என்று பொதுவாகச் சொல்ல என்னால் முடியாது. பொருளுக்குப் பொருள் மாறுகிறது.

சட்டத்தில் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். இன்ரோவோடு வரும் நெட்சுகே குமிழ்கள் பல யானைத் தந்தம். பழைய மடக்கு அளவுகோல்களிலும் தந்தம் உண்டு. பழைய இழைப்புளிகளின் அழகான கருஞ்சிவப்புப் பிடிகள் பல பிரேசில் ரோஸ்வுட். அந்த மரம் 1992 முதலும் தந்தம் 1990 முதலும் பன்னாட்டு வணிகத்துக்குக் கடுமையான தடைப் பட்டியலில் இருக்கின்றன. எல்லை தாண்டி வாங்குவதற்கு முன் விற்பவரிடம் தாள் இருக்கிறதா என்று கேளுங்கள், பொருள் வந்து சுங்கத்தில் நின்ற பிறகு கேட்காதீர்கள்.

கடைசியாக, இரண்டையும் சேர்க்க ஆசை, இரண்டும் ஒட்டவில்லையே என்று குறைப்பட்டிருந்தீர்கள். ஒட்டும் இடம் ஒன்று இருக்கிறது: உருஷி வேலையின் கருவிகள். மரத்தைக் கீறும் வளைந்த கத்தி, பொன்தூள் தூவும் மெல்லிய குழல், தங்கத்தை மெருகிட மீன்பல் பதித்த சிறு பிடி எல்லாம் பழைய பட்டறைகள் கலையும்போது வெளியே வருகின்றன, ஆர்ப்பாட்டமான பொருள்கள் இல்லாததால் பலரும் கவனிப்பதில்லை. கோபேயிலுள்ள தகேனாகா தச்சுக்கருவி அருங்காட்சியகம் 1984-இல் திறந்தது. அது மரவேலைக் கருவிகளுக்கானது என்றாலும், ஒரு கருவியை எப்படிப் பார்க்க வேண்டும் என்று கற்றுக்கொள்ள நல்ல இடம். என்னிடம் ஓர் உருஷித் தூரிகை இருக்கிறது. மனித முடியைத் தட்டையாகப் படியவைத்து மெல்லிய மரச்சட்டங்களுக்கு நடுவே அடைத்தது. முடி நுனியில் மட்டும் இல்லை, கைப்பிடியின் நீளம் முழுக்க உள்ளே ஓடுகிறது. நுனி தேய்ந்தால் பென்சிலைச் சீவுவதுபோல மரத்தைச் சீவிப் புதிய முடியை வெளியே எடுத்துக்கொள்வார்கள். என்னிடம் வந்தபோது அது விரல் நீளம்தான் மிச்சம். சீவிய இடங்களில் கத்தி போன தடம் படிப்படியாகத் தெரிகிறது. அடிமரத்தில் கட்டைவிரல் பட்ட இடம் குழிந்து கறுத்திருக்கிறது. அதை நான் துடைக்கவே இல்லை.